பாட்டு எங்கே பொழுதுபோக்கு ஆகிறது? இசைவாணியும் கானாவின் மேடைகளும்



நினைவுப் பேருரை என்றால் மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம் பேசப் போவது நம்மிடையே பாடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி. ராயபுரத்துக் கானா பாடகர் இசைவாணி. நினைவுக் கூட்டத்தில் எதற்குக் கானா என்று யாராவது கேட்டால், வடசென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். செத்தவரை நினைத்து விடிய விடியப் பாடியவர்களின் பாட்டுதான் கானா. அந்த வகையில் இந்தக் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது, காசிமேடு வளர்ந்தது. பிறகு திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று வடக்கே ஆலைகளும் சுத்திகரிப்பு நிலையமும் அனல்மின் நிலையங்களும் வந்தன. மூட்டை தூக்கியவர்களும், கரி அள்ளியவர்களும், மீன் ஏற்றியவர்களும் சேரிகளிலும் குப்பங்களிலும் குடியிருந்தார்கள். இந்த நகரத்தைக் கட்டியவர்கள் அவர்கள். நகரமோ அவர்களுடைய பேச்சைக் கொச்சை என்றது, பாட்டைக் கூச்சல் என்றது.

அந்த மக்களின் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும்? உள்ளே பிணத்தைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வெளியே சாமியானாவுக்குக் கீழே ஆண்கள் கானா பாடுவார்கள். சட்டி, டேப், டோலக் இருந்தால் அது. இல்லாவிட்டால் தீப்பெட்டி, தகரம், பெஞ்சுப் பலகை. இறந்தவர் யார், எங்கே வேலை பார்த்தார், யாரைக் காதலித்தார், எப்படிச் செத்தார் என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும். செய்தித்தாளில் ஒருவரி இரங்கல்கூட வராத ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு அந்த ஓர் இரவில் இயற்றப்படும். தொண்டியார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபை, அந்தச் சூஃபி கவிஞரைத் தங்கள் முன்னோடியாகச் சொல்லும் கானா பாடகர்கள் உண்டு. சித்தர் மரபும் சூஃபி மரபும் சேரிப் பேச்சும் கலந்த பாட்டு இது.

இந்தப் பாட்டு எப்போது ‘பொழுதுபோக்கு’ ஆனது? சினிமாவுக்குள் போனபோது. 1990களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடித் திரையிலும் தோன்றினார். 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வழியாகப் புளியந்தோப்புக் கானா பாலா பெரும் புகழ் பெற்றார். அவர் சட்டம் படித்த வழக்கறிஞர் என்பது அப்போது பலருக்கு வியப்பாக இருந்தது. கானா பாடுகிறவர் படித்திருக்க மாட்டார் என்று எப்படி முடிவு செய்தோம்? அந்த வியப்புக்குள்ளேயே சாதி ஒளிந்திருந்தது.

இந்த வரிசையில் எல்லோரும் ஆண்கள். இங்கேதான் இசைவாணி வருகிறார். தந்தையும் இசைக் கலைஞர். சிறுவயதிலேயே அவரோடு கச்சேரி மேடை ஏறியவர். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாகப் பாடியபோது, அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் அவர்தான். நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் அயோத்திதாசப் பண்டிதர். இடஒதுக்கீட்டையும் ஆணவக்கொலையையும் மாட்டுக்கறியையும் அவர்கள் கானாவில் பாடினார்கள். அன்று கூடியிருந்தவர்களில் பலர் முதன்முறையாகத் தங்கள் தெருவின் பாட்டைப் பெருமையோடு கேட்டார்கள்.

ஒரு பெண் கானா பாடுவதில் என்ன பெரிய விஷயம் என்று மாணவர்கள் கேட்கலாம். சாவு வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். உள்ளே அழுவது பெண்ணின் வேலை, வெளியே பாடுவது ஆணின் உரிமை. அந்த வாசற்படியைத் தாண்டி வந்து மைக்கைப் பிடித்தவர் இசைவாணி. கானா முழுக்கப் புனிதம் என்று சொல்ல நாம் வரவில்லை. பெண்ணை இழிவுசெய்யும் கானாவும் இருக்கிறது, ரவுடியைக் கொண்டாடும் கானாவும் இருக்கிறது. அதை வெளியிலிருந்து திட்டுவது சுலபம். உள்ளே நின்று வேறு மாதிரிப் பாடிக் காட்டுவது கடினம். 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியைச் சேர்த்தபோது, அவரைப் பார்த்து இளம்பெண்கள் கானா பாட முன்வருகிறார்கள் என்பதையும் குறிப்பிட்டது.

அடுத்த ஆண்டு, 2021 அக்டோபரில், விஜய் டிவியின் ‘பிக் பாஸ்’ ஐந்தாம் பருவத்துக்குள் அவர் போனார். அதே வீட்டுக்குள் நாட்டுப்புறப் பாடகர் சின்னப்பொண்ணுவும் நாடகக் கலைஞர் தாமரைச்செல்வியும் இருந்தார்கள். மூன்று மக்கள் கலைஞர்கள் ஒரே நிகழ்ச்சியில். ஆனால் அந்த வீட்டில் பாட்டோ கூத்தோ முக்கிய வேலை இல்லை. சாப்பிடுவது, சண்டை போடுவது, அழுவது, அதைக் கேமரா பார்ப்பது, அதுதான் வேலை. பாடகர் என்று உள்ளே போனவர் ‘போட்டியாளர்’ ஆகிறார்.

இவரும் விலைபோய்விட்டார் என்று நம் வட்டத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்போம். கானா பாடகருக்கு மாதச் சம்பளம் உண்டா? டிசம்பர் வந்தால் சபாக்கள் தேதி கொடுக்குமா? வாடகை கட்ட வேண்டியவர் கிடைத்த மேடையில் ஏறுவதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

இதோடு இன்னொரு காட்சியை வைத்துப் பார்ப்போம். 2017இல் கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கு நடுவே நின்று ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ பாடினார். நல்ல காரியம், நாம் வரவேற்றோம். அவர் தன் மேடையிலிருந்து நம் இடத்துக்கு வந்தபோது அது ‘தலையீடு’ என்று பாராட்டப்பட்டது. நம் இடத்திலிருந்து ஒருவர் பெரிய மேடைக்குப் போனால் அதற்கு ‘பொழுதுபோக்கு’ என்று பெயர். இரண்டு பயணம், இரண்டு சொல். சொல்லைத் தேர்ந்தெடுப்பது சாதி.

அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. 2024 நவம்பரில் அது வெளியே வந்தது. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலத்தில், கோயில் நுழைவு உரிமையைக் கேட்டு இசைவாணி பாடிய பாட்டு ஒன்று உண்டு. பல ஆண்டு கழித்து அதைத் தோண்டி எடுத்து, அவர்மேல் புகார் கொடுத்தார்கள். மிரட்டலும் ஆபாச வசையும் குவிந்தன. நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது. சிரிக்க வைத்தால், ஆட வைத்தால் உன்னை ஏற்றுக்கொள்வோம். கேள்வி கேட்டால் உன் இடத்தைக் காட்டுவோம். பொழுதுபோக்குக் கலைஞர் என்ற வரவேற்பின் முழு வாசகம் இதுதான்.

இதுவரை அடுத்தவரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றி. நாம் அச்சிடும் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். பேச்சாளர்களின் பெயர்கள் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கடைசி வரியில் ‘கலை நிகழ்ச்சி நடைபெறும்’ என்று இருக்கும். யார் பாடுகிறார்கள் என்று பெயர்கூட இருக்காது. கூட்டம் சேரும்வரை பாடச் சொல்வோம். தலைவரின் கார் வந்துவிட்டால் பாதிப் பாட்டில் மைக்கை வாங்கிவிடுவோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு எண்ணூருக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்க மாட்டோம். ஆட்டோ காசுக்கு யாரைப் பார்ப்பது என்று அவர்கள் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள். தொலைக்காட்சியாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூலி கொடுத்தது. நாம் ‘தோழர்’ என்று சொல்லிக் கூலியை மறந்தோம். பாட்டைப் பொழுதுபோக்கு ஆக்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோம். நம் அழைப்பிதழில் பாடகரின் பெயர் பேச்சாளரின் பெயருக்குச் சமமாக இருக்கட்டும், பேசிய தொகை அன்றைக்கே கைக்குப் போகட்டும். மாணவர்கள் தங்கள் பகுதிக் கானா பாடகர்களிடம் போய், அனுமதி கேட்டு, பாட்டைப் பாடியவர் பெயரோடு பதிவு செய்யட்டும். இயற்றியவர் பெயர் தொலைந்துபோன பாட்டுகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. மூன்றாவதுதான் முக்கியம். பாடிய பாட்டுக்காக ஒரு பெண் தாக்கப்படும்போது, அறிக்கை விடும் வேலையை ஓர் அமைப்போடு விட்டுவிடாமல், நாம் எல்லோரும் அன்றைக்கே பக்கத்தில் போய் நிற்போம். நம் கேள்வியைத்தான் அவர் பாடினார். கைதட்டிக் கேட்டவர்கள் நாம். அடி விழும்போது மட்டும் அது அவருடைய சொந்தப் பாட்டு ஆகிவிடாது.

2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ என்ற பெயரில், சபாக்களின் மாதத்திலேயே கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடையேறுகின்றன. இது நல்ல தொடக்கம். ஆனால் கானாவின் பெரிய மேடை இன்றும் நம் தெருவில் போடும் சாமியானாதான். அங்கே பாடுகிறவருக்கு மரியாதை கிடைக்கவில்லை என்றால், அரங்கத்தில் கிடைக்கும் கைதட்டல் ஒரு நாளைக்குத்தான்.

நம்மைப் பிரிந்த தோழரை இன்று பேச்சால் நினைத்தோம். இந்த உரை முடிந்ததும் நம் பகுதித் தம்பிகளும் தங்கைகளும் அவரை நினைத்துப் பாடப் போகிறார்கள். தயவுசெய்து யாரும் எழுந்து போகாதீர்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.