கோப்பித் தோட்டமும் பங்குச் சந்தையும்



பங்கு விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் எவரும் உண்டா என வத்தளை நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன இடம் எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆசையும் அச்சமும் இல்லாத இலக்கியம் எங்கே இருக்கிறது?

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பூஞ்சண நோய் என்பது அதே ஆண்டில் தெரிந்துவிட்டது. தோட்டத் துரைமார் நிறுத்தினார்களா? இல்லை. விளைச்சல் குறைந்தபோதும் உலகச் சந்தையில் விலை ஏறியதால், எழுபதுகளில் மேலும் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1870இலேயே தோட்டத்தை விற்றுவிட்டு ஒதுங்கிய ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் கணிப்புச் சரி. ஆனால், அயலவன் பணக்காரனாவதைப் பார்த்தபடி பல ஆண்டுகள் அவர் மூடனாகவே வாழ்ந்திருப்பார். 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் கோர்டன் அரசாங்கப் பொறுப்பு வழங்கினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் சம்பளப் பாக்கியுடன் நின்றார்கள்.

போர் முடிந்த 2009இல் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் இரட்டிப்புக்கு மேலானது. 2010இல் மீண்டும் ஏறக்குறைய இரட்டித்தது. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது, 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே கிடந்தது. போர் முடிந்தது பொய்யல்ல; கோப்பி விலை ஏறியதும் பொய்யல்ல. உண்மைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதில்தான் மனிதர் தடுமாறினார்கள்.

மழை வருமென்று வானிலை அறிக்கை சொன்னால், அதைக் கேட்டு மழை மனம் மாறுவதில்லை. சந்தை அப்படியல்ல. அடுத்த மாதம் விலை ஏறும் என எல்லோரும் நம்பிவிட்டால் இன்றைக்கே ஏறிவிடும். பிறகு அந்த ஆரூடத்திற்கு என்ன வேலை? (தரகர்மார் என்னோடு கோபிக்கக் கூடாது.)

நூறு ரூபா கிடைத்த மகிழ்ச்சியிலும் நூறு ரூபா இழந்த வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் இருவர் 1979இல் எழுதினார்கள். அந்த வலிக்கு அஞ்சியே பலர், வாங்கிய விலை திரும்பி வரட்டும் என்று விழுகின்ற பங்கைக் கட்டிப்பிடித்திருக்கிறார்கள். பொறுக்க முடியாத கட்டத்தில் விற்கிறார்கள். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000க்கு மேலே நின்றது. ஏப்ரலில் நாடு கடன் செலுத்த முடியாதென அறிவித்தபின் சந்தையையே சில நாட்கள் மூடிவைத்தார்கள். திறந்ததும் பயத்தில் விற்றார்கள். 2024 முடிவில் அது 16,000ஐ நெருங்கியிருந்தது. அன்று விற்றவர்களில் எத்தனை பேருக்கு, மறுநாள் மருந்து வாங்க அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கும்?