இரட்டையர்: ஒப்பிடும் முன் ஒரு கேள்வி

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பில் இரட்டையர் இருந்தால், "உன் அண்ணன் எழுதுகிறான், உனக்கு என்ன?" என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். அதற்கு முன் பெற்றோரிடம் பிறப்பு எடையைக் கேட்போம்.

ஒரே நாளில் பிறந்தாலும் ஒன்று 2.4 கிலோ, மற்றொன்று 1.6 கிலோ இருக்கலாம். வேறுபாடு பெரிய குழந்தையின் எடையில் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் தனிக் கவனம் செலுத்துகின்றனர். நஞ்சுக்கொடி வழியே ஒரு குழந்தைக்கு ஊட்டம் குறைந்திருந்தால், அதன் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். குறைமாதப் பிறப்பும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மூளை முடக்குவாதம், வலிப்பு, பார்வைக் குறை, கற்றல் சிரமம் எனப் பின்னர் அது வெளிப்படலாம். ஒரே நஞ்சைப் பகிர்ந்த இரட்டையரில் எடை கூடிய குழந்தைக்கும் பாதிப்பு வரக்கூடும். அதேவேளை, பலர் நலமாகவே வளர்கிறார்கள். ஆகவே எடையை வைத்து முத்திரை குத்தவும் கூடாது.

நான் இரட்டையர் இருவருக்கும் தனித்தனிக் குறிப்பேடு வைக்கிறேன். பென்சில் பிடிக்கத் திணறுதல், அடிக்கடி இடறி விழுதல், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விடுதல், சில நொடிகள் வெறித்து நிற்றல் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுகிறேன்.

நோயைக் கண்டறிவது மருத்துவர் பணி. குறிப்பேட்டை வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டுவது நம் பணி. 18 வயது வரை அரசின் பரிசோதனை உண்டு. "சோம்பேறி" என்ற பெயர் முதலில் ஒட்டிக்கொண்டால், அந்தப் பரிசோதனைக்குக் குழந்தை போகாமலேயே வளர்ந்துவிடும்.