கலங்கலான படத்தில் ஒரு வேகக் கணக்கு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டு விழாவில் எடுக்கும் படங்களில் கலங்கலானவற்றை உடனே அழித்துவிடுவோம். நானும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் 'இயக்கம்' பாடம் நடத்தியபோதுதான் அப்படி ஒரு படத்தை வேண்டுமென்றே எடுத்தேன்.

பள்ளித் தாழ்வாரத்தில், சுவரையொட்டி ஒரு டென்னிஸ் பந்தை மாணவர்கள் மேலிருந்து விட்டார்கள். விட்ட இடத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே சுவரில் சாக்பீஸ் கோடு. கைப்பேசியில் பத்துப் பதினைந்து படம் எடுத்ததில் ஒன்று தேறியது. அதில் சாக்பீஸ் கோட்டின் மேலும் கீழுமாக நீண்ட மஞ்சள் பட்டை ஒன்று பதிந்திருந்தது. படத்தின் விவரங்களில் 1/30 நொடி என்றிருந்தது. அவ்வளவு நேரமே கேமரா ஒளியை உள்வாங்கியது. அதற்குள் பந்து நகர்ந்ததுதான் பட்டை.

ஹைடெக் ஆய்வகக் கணினியில் படத்தைப் பெரிதாக்கி அளந்தோம். பட்டையின் அகலம் 66 பிக்சல், நீளம் 208. அகலம் என்பது பந்தின் விட்டம், அளந்தால் 6.6 செ.மீ. ஆக, 10 பிக்சல் 1 செ.மீ. பந்தே அளவுகோல் ஆகிவிட்டது.

20.8 செ.மீ.யை 30ஆல் பெருக்கி, நொடிக்கு 6.24 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். பாடநூல் சமன்பாட்டின்படி ஒரு மீட்டர் விழுந்த பந்துக்கு 4.4 மீட்டர்தான் வர வேண்டும். "கைப்பேசிதானே, பிழை இருக்கும்" என்று சொல்லி மேலே போகப் பார்த்தேன்.

வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், பந்து நகராம நின்னாலும் 66 பிக்சல் இருக்குமே?"

கேமரா செய்யாத பிழையை அதன் தலையில் கட்டியிருந்தேன். அதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். 66ஐக் கழித்தால் 142 பிக்சல், அதாவது 14.2 செ.மீ. வேகம் நொடிக்கு 4.26 மீட்டர்.

மீதி வித்தியாசத்துக்குப் பட்டையின் முனைகளைப் பார்த்தோம். நடுவில் அழுத்தமாகவும் முனைகளில் வெளிறியும் இருந்தது. முனையில் உள்ள இடங்களைப் பந்து சிறிது நேரமே மறைத்திருக்கிறது. எங்கே முடிகிறது என்பதில் ஆளுக்கு ஐந்தாறு பிக்சல் மாறியது. நல்ல சண்டை நடந்தது!

"பந்தை மேலே எறிஞ்சாலும் இதே பட்டைதானே?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், திசையை இந்தப் படம் சொல்லாது.

செய்து பார்ப்பவர்கள் பக்கவாட்டில் நின்று, கைப்பேசியை மேசைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். வெயிலில் வேண்டாம், கேமரா திறந்திருக்கும் நேரம் குறைந்து பந்து பளிச்சென்று விழுந்துவிடும்.