மாடியில் வைஃபை பெட்டி வைக்கும் முன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எப்பவும் என்னைக் கணக்கு வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு வைஃபை பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. அதுவும் கணக்குதான்.

சீசனில் குற்றாலத்தில் நம்ம உறுப்பினர்கள் போடுகிற பழக்கடைகளைப் பார்த்திருப்பீங்க. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர் கையில் ரூபாய் இருக்காது, செல்போன்தான். அத்தனை கூட்டத்தில் சிக்னல் திணறும். ரம்புட்டானை எடைபோட்டுப் பையில் கட்டின பிறகு, பணம் போகாமல் சுத்திக்கிட்டே இருக்கும். "வேண்டாம்க்கா"ன்னு வச்சிட்டுப் போயிடுவாங்க. குழுக் கடனில் வாங்கின பழம், மறுநாளைக்கு அழுகிவிடும்.

அதனால் நம்ம கட்டட மாடியில் வெளிப்புற வைஃபை பெட்டி வைக்கத் தீர்மானம் போட்டோம். ஆணி அடிக்கும் முன்னே மூங்கில் கழியில் கட்டி ரெண்டு நாள் சோதித்தோம். கடைசிக் கடையில் போய் நின்றால் போனில் கோடு நிறையக் காட்டுகிறது, ஆனால் பணம் போகவில்லை! வேலைக்கு வந்த தம்பி விளக்கினார். வெளியில் வைக்கிற பெட்டி ஆண்டெனாவோடு சேர்த்து 4 வாட் பலம் வரை அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. போனின் பலம் பொதுவாக 0.1 வாட் பக்கம்தான். மைக் வைத்துப் பேசுகிறவர் குரல் நமக்குக் கேட்கும், கடைசி வரிசையில் நாம முணுமுணுத்தால் மேடைக்குக் கேட்குமா? அட்டையில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும், போனின் பதில் வந்து சேருகிற தூரம்தான் உண்மையான தூரம்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இருபது வருஷம் முன்பே கிராமத்துக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை தேனியிலிருந்து டாக்டர் பார்த்துப் பேசினார். பல கிலோமீட்டர் எப்படிப் போச்சு? ரெண்டு முனையிலும் உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி ஆண்டெனா. நாங்களும் அப்படியே செய்தோம். மாடிக்கும் கடைவரிசைக்கும் எதிரெதிரே ஒரு ஜோடி, கடைப்பக்கம் போன்களுக்கென்று சின்னப் பெட்டி. செலவு கூடுதல்தான், தலைவி முகம் சுளிச்சாங்க.

நம்ம ஊர்ச் சங்கதிக்கு வர்றேன். சாரலுக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். இந்தத் தூரத்தில் மழை சிக்னலைப் பெரிதாகக் கெடுக்காது. நனைந்த இலைதான் கெடுக்கும். ஆனியில் பார்க்கும்போது நடுவில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்க. ஆடிக் காற்றில் ஆண்டெனா திரும்பிவிடாமல் கிளாம்பை இறுக்கணும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளைக் குழாய்க்குள் விடுங்க, குரங்கு விட்டுவைக்காது. இடிதாங்கிக்கும் எர்த்துக்கும் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. மின்கம்பி போகிற பக்கம் கம்பம் நடக் கூடாது. மேகம் முழங்கும்போது யாரும் மாடி ஏற வேண்டாம்.

"இதுக்கு லைசென்ஸ் வாங்கணுமா?"ன்னு செங்கோட்டை அக்கா கேட்டாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லேயே விலக்கு வந்தாச்சு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வாணி திட்டத்தில், சின்னக் கடைக்காரர்கூட லைசென்ஸ், பதிவு, கட்டணம் எதுவும் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். குழுவுக்கு வருமானம் வருமான்னு அடுத்த கூட்டத்தில் பேசுவோம். எனக்குச் சந்தேகம்தான், சீசன் மூணு மாசம், இணையக் கட்டணம் பன்னிரண்டு மாசம்.

உங்க ஊராட்சியில் வைக்கிறதா இருந்தால் கொட்டேஷனில் ஒரு வரி எழுதச் சொல்லுங்க: கடைசிக் கடையில் நின்று, நம்ம உறுப்பினர் போனிலிருந்து பத்து ரூபாய் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகே பில்லில் கையெழுத்து. கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து அனுப்புங்க.