மந்தாகினிக் கரையில் ஓர் இரவு



திருவிழாவின் இந்நன்னாளில் திருக்கேதாரத்தைப் பற்றிப் பேசுமாறு திருக்கோயிலார் பணித்துள்ளனர். தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்தனுள் அஃது ஒன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே அத்தலத்தைப் பாடிப் பரவினர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர்கட்கு ஞானக்கண் இருந்தது. நமக்கோ வண்டியும் கால்நடையும் வேண்டியிருக்கின்றன. தலப்பெருமையைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆதலின் அத்தலத்திற்குச் செல்லும் வழியில் யாம் ஓர் இரவு தங்கிய விடுதியைப் பற்றியே இன்று சொல்ல விழைகின்றோம்.

2018-ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் அடியார் சிலருடன் யாம் அவ்யாத்திரையை மேற்கொண்டோம். ருத்திரப்பிரயாகையில் அளகநந்தையுடன் மந்தாகினி வந்து கூடுகின்றது. அங்கிருந்து மந்தாகினியின் பள்ளத்தாக்கு வழியே பாதை ஏறுகின்றது. இடையில் அகத்தியமுனி என்றே பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டு. பொதிகை முனிவரின் பெயரை இமயச் சாரலில் கேட்டபோது, அயலூரில் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் மகிழ்ந்தோம்.

சோனப்பிரயாகைக்குச் சிறிது முன்னர் மண் சரிந்து வழி அடைபட்டது. மாலைப்பொழுது; மழைத்தூறல். ஒற்றையடிப் பாதையில் இறங்கிச் சென்றால் ஆற்றோரம் ஒரு விடுதி உண்டு என்றனர். முற்காலத்தில் இவ்வழி நெடுக ‘சட்டி’ எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. மாவும் பருப்பும் அங்குள்ள கடையில் வாங்கினால் போதும். தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் கூலியின்றிக் கிடைக்கும். அம்மரபில் வந்தவர் போலும் அவ்விடுதிப் பெரியவர். சூடான ரொட்டியும் பருப்பும் படைத்து எம்மை உபசரித்தார்.

மந்தாகினியோ பால் கலங்கினாற்போன்ற வெண்சாம்பல் நிறத்துடன் பாய்ந்துகொண்டிருந்தாள். பனிப்பாறை நகரும்போது கல்லை மாவாக அரைக்கின்றது. அம்மாவே நீருக்கு அந்நிறத்தைத் தருகின்றது. அடியில் உருளும் பாறைகளின் முழக்கத்தால் அருகிருப்பவர் பேச்சும் செவியில் ஏறவில்லை.

நீர் விளிம்பில் சிறிய கட்டடம் ஒன்று தனியே நின்றது. அதில் தங்க விரும்பி, கூடுதலாக வாடகை தருவதாகவும் கூறினோம். பெரியவர் இசையவில்லை. “அது விறகு வைக்கும் இடம், ஐயா. மனிதர் உறங்கும் இடம் அன்று” என்று சொல்லி, மேட்டிலிருந்த அறையைக் காட்டினார். எமக்குச் சிறிது மனத்தாங்கல்தான்.

இரவு ஏற ஏற ஆற்றின் ஓசையும் ஏறிற்று. அச்சமுற்று வெளியே வந்தோம். பெரியவர் திண்ணையில் கணப்பு மூட்டி விழித்திருந்தார். இந்தி அறிந்த அன்பர் ஒருவர் வாயிலாக எம் அச்சத்தைச் சொன்னோம். அவர் புன்னகைத்து, “பகல் வெயிலில் உருகிய பனி இரவில்தான் இங்கு வந்து சேரும். ஓசை கூடுவதற்கு அஞ்ச வேண்டா. திடீரென்று ஓசை அடங்கினால்தான் எழுந்து மேட்டிற்கு ஓட வேண்டும். மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்துவிட்டது என்பது அதன் பொருள், அடைபட்ட நீர் உடைத்துக்கொண்டு வரும்” என்றார்.

அன்பர்களே! ஆரவாரத்தைக் கண்டு அஞ்சி, அமைதியைக் கண்டு உறங்கிவிடுவது நம் இயல்பு. அவரோ அமைதிக்குச் செவி சாய்த்து விழித்திருந்தார்.

பின்னர் அவரே பேசினார். 2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் நேர்ந்த பெருவெள்ளத்தை நீங்கள் அறிவீர்கள். பெருமழை பொழிந்தது, கேதாரத்திற்கு மேலிருந்த சோராபாரி ஏரியின் கரை உடைந்தது. வழியில் இருந்த ராம்பாரா என்னும் தங்கல் சுவடின்றி மறைந்தது. உத்தராகண்டத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரியவரின் பழைய வீடு நீர் விளிம்பில் இருந்ததாம். அன்று மாடுகளை அவிழ்த்துவிடச் சென்ற தமையனார் திரும்பவில்லை. வீட்டில் எஞ்சியதே அவ்விறகுக் கொட்டில்.

“ஆற்றின் மேல் உமக்குச் சினம் இல்லையா?” என்று வினவினோம். “பனிக்காலம் வந்தால் கேதாரநாதரே ஊகிமடத்திற்கு இறங்கி வந்து அங்கே பூசை கொள்கின்றார். சுவாமியே பனிக்கு இடம் விட்டுக் கொடுக்கின்றார். நாங்களோ ஆற்றின் இடத்தில் சுவர் எழுப்பி, ‘எங்கள் வீடு’ என்றோம்” என்றார். யாம் பேசாதிருந்தோம்.

விடியலில் ஆறு தணிந்திருந்தது. விடைபெறும்போது பெரியவர் ஒரு செப்புச் செம்பில் மந்தாகினி நீரை முகந்து தந்து, “என் தமையன் பெயரால் சுவாமிக்கு இதனை வார்த்துவிடுங்கள்” என்றார். தமையனைக் கொண்டுபோன ஆற்றின் நீரா என்று எம் முகம் கேட்டது போலும். “வேறு எந்நீரை வார்ப்பது, ஐயா?” என்றார்.

இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் நீரும் ஒன்று என்று மேடைதோறும் பேசி வருகின்றோம். அது பேச்சளவில் நில்லாமல் ஒருவர் வாழ்வாகவே விளங்கக் கண்டது அன்றுதான். ‘யான்’, ‘எனது’ என்பவற்றை விடுமாறு சாத்திரங்கள் நமக்கு ஓதுகின்றன. அவ்வேழை எளியவர், ‘எனது’ என்று எண்ணிய நிலத்தை ஆற்றிற்கே விட்டு, மேட்டில் குடியேறி, வருவோர் உயிரைக் காத்து விழித்திருக்கின்றார். இதனினும் சிறந்த சிவத்தொண்டு யாது?

மேலே சென்று கேதாரநாதர் திருமேனியில் அந்நீரை வார்த்தோம். கோயிலின் பின்புறம், வெள்ளத்தில் உருண்டு வந்து நின்று நீரை இருபுறமும் பிளந்து கோயிலைக் காத்த பெரும்பாறையையும் கண்டு தொழுதோம். ஆயினும் எம் நெஞ்சில் நின்றது திண்ணையில் விழித்திருந்த அம்முதியவரின் உருவமே.

இவ்வுடலும் ஆற்றங்கரை விடுதியே. தங்க வந்தவர் நாம்; உடையவன் அவன். இதனை மறவாது, நம் ஊர் ஆற்றிற்கும் குளத்திற்கும் உரிய இடத்தை அவற்றிற்கே விட்டு, அயலார் உறங்க நாம் விழித்திருக்கும் அன்பினை அருளுமாறு அம்மையப்பனை வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.