கேட்கும் மருத்துவர்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. இவ்வரிசையில் முதலிடம் நோயுற்றவர்க்கே. மருத்துவர் அடுத்த இடத்தில் நிற்கிறார். மருத்துவர் நோயைக் கற்றறிந்தவர். நோயாளியோ அதனை உற்றறிந்தவர். கொடுத்த மருந்து என்ன செய்தது என்பதற்கு முதற்சான்று அவரே. அச்சான்றைக் கேட்டுப் பெறுவதில் குடும்ப மருத்துவர்க்கு எவ்வளவு நாட்டம் உண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

ஊர்ப்புறத்தில் நிகழக்கூடிய ஒன்றைக் கருதலாம். முதியவர் ஒருவர்க்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது. அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அடுத்த மாதம் மருத்துவர், "எப்படி இருக்கிறது?" என வினவுகிறார். "உங்கள் கைராசி, நன்றாக இருக்கிறேன் ஐயா" என்று விடை வருகிறது. அது மரியாதை, உண்மை அன்று. அழுத்தம் குறையவில்லை எனக் கருவி காட்டுகிறது. உண்ணாத மருந்தின் அளவை மருத்துவர் கூட்டி எழுதுகிறார். சொல்லப்படாத ஒரு சொல், இவ்வாறு உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

நோயாளி மறுமுறை வராமலே போவதும் உண்டு. அவர் வேறொரு மருத்துவரை நாடியிருப்பார். முன்னவரோ, குணமடைந்துவிட்டார் என்றே எண்ணியிருப்பார். மௌனத்தை நலம் எனக் கணக்கிடுவதே இதில் உள்ள பிழை.

இப்பிழையை உணர்ந்த மருத்துவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பெரின்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் குடும்ப மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் பிரிட்சார்டு, 1972ஆம் ஆண்டில் தம் நோயாளிகளை ஒரு குழுவாகக் கூட்டி, தம் மருத்துவமனை நடைமுறை பற்றிய கருத்தைக் கேட்டார். ஆணையின்றித் தொடங்கிய அம்முயற்சி பல ஊர்களுக்கும் பரவியது. 2015 முதல் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவமனைகள் அத்தகைய குழுவை அமைத்தல் ஒப்பந்தக் கடமையாயிற்று. இந்தியாவிலும் மருத்துவமனைகளைப் பற்றி நோயாளிகளின் கருத்தறிய நடுவணரசு 2016இல் 'மேரா அஸ்பதால்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணம் பெறும் மருத்துவப் பணிக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு நோயாளிக்கு வழக்குரிமை அளித்தது. ஆயினும் வழக்கு என்பது தீங்கு நேர்ந்த பின்னர் எழும் குரல். தீங்கு நேருமுன் எழவேண்டிய குரலுக்கு மருத்துவரின் அறையே உரிய இடம்.

அக்குரலை அச்சிட்ட படிவம் முழுமையாகத் தாங்குமா? 'நன்று', 'மிக நன்று' என்னும் கட்டங்கள் காத்திருந்த நேரத்தையும் இருக்கையின் தூய்மையையும் அளக்கக்கூடும். குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. 'விண்விண்' எனத் தெறிப்பது வேறு, 'சுருக்' எனத் தைப்பது வேறு. இவ்வேறுபாடுகளைக் கட்டங்கள் அறியா. நோயாளியின் நா அறியும். அந்நாவுக்குச் சிறிது நேரம் வேண்டும். அமெரிக்காவில் 1984இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுவதாகக் காட்டியது. நம் ஊர்களின் கூட்ட நெரிசலில் அந்நேரமும் கிடைப்பது அரிது.

எனினும் நேரத்தினும் முதன்மையானது கேட்கும் முறை. "எப்படி இருக்கிறது?" என்னும் வினா முகமனையே பெற்றுத்தரும். "எத்தனை நாள் மாத்திரை சாப்பிட முடிந்தது? எது ஒத்துக்கொள்ளவில்லை?" என்னும் வினாவோ, குறை சொல்லலாம் என்னும் இசைவைத் தன்னுள்ளேயே கொண்டது. குறை கூறியவரிடம் மருத்துவர் முகம் சுளித்தால் அடுத்த முறை அவ்வாய் திறவாது.

கவிஞர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் தம் நூலை அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்தார் என்று சிறப்புப்பாயிரம் கூறுகிறது. கம்பரும் அவையடக்கம் பாடினார். கைத்தட்டலை மட்டும் கேட்டு வளர்ந்த கவிதை இல்லை. அவையடக்கம் மருத்துவர்க்கும் வேண்டும்; அவர்தம் அவை, எதிரே அமர்ந்துள்ள அந்த ஒருவரே.

மேலிருப்பவர் கீழிருப்பவர் சொல்லைக் கேட்டல் திருக்கோஷ்டியூருக்கு அயலான நெறியன்று. இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்துவந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற்றார் என்றும், அதனைக் கோயிலின் மேலிருந்து யாவர்க்கும் உரைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். அச்செயலையே ஊர் பெரிதும் போற்றுகிறது. அடுத்து நிகழ்ந்ததும் போற்றத்தக்கது. சினந்த நம்பி, "ஏன் செய்தாய்?" என வினவினார். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வர் என்பது மாணவரின் விடை. ஆசிரியர் அவ்விடையை முழுதும் கேட்டார். தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாணவரை 'எம்பெருமானார்' எனத் தழுவினார். கேட்டதனால் நம்பியின் பெருமை குறைந்ததா? வளர்ந்ததன்றோ!

மருத்துவர் கேட்கவேண்டும், நோயாளியும் சொல்லவேண்டும். மருந்தை நிறுத்தியதை மறைப்பது மரியாதை ஆகாது. அஞ்சாது சொல்லும் சொல்லையும் சுளிக்காது கேட்கும் செவியையும் வளர்ப்பது இலக்கியத்தின் பணியும் ஆகும். பத்தாண்டுகளாகச் சொல்லை ஆராய்ந்துவரும் இவ்வட்டத்தார், நோயுற்ற முதியோர்க்குத் துணையாகச் செல்லும்போது, அவர் சொல்லத் தயங்கும் அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பாராக.