குழந்தையிடம் கற்கும் வழிபாடு

திருச்சிற்றம்பலம்

 

விழாக் காலங்களில் எம்மிடம் அன்பர்கள் கேட்கும் வினாக்கள் இரண்டு உண்டு. "ஐயா, எமக்கு மந்திரம் தெரியாது, திருமுறையைப் பண்ணோடு ஓதவும் வாராது. எம் வழிபாட்டை இறைவன் ஏற்பானோ?" என்று கேட்பர் சிலர். "நாள்தோறும் பூசை செய்கின்றோம், பதிகம் ஓதுகின்றோம், ஒன்றும் தவறவில்லை. ஆயினும் நெஞ்சம் உருகவில்லையே, ஏன்?" என்று கேட்பர் வேறு சிலர். முன்னவர்க்குக் கல்வி இல்லையே என்னும் கவலை. பின்னவர்க்குக் கல்வி இருந்தும் கனியவில்லையே என்னும் கவலை. இரண்டு கவலைக்கும் மருந்து ஒன்றே. அதனை நம் முன்னோர் குழந்தைகளின் வரலாற்றில் பொதிந்து வைத்துள்ளனர்.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே திருநாரையூர் என்னும் தலம் உள்ளது. அங்கு எழுந்தருளியுள்ள விநாயகர் பொள்ளாப் பிள்ளையார். பொள்ளுதல் என்பது உளியால் செதுக்குதல். உளி படாது தாமே தோன்றியவர் ஆதலின் அப்பெயர் பெற்றார். அதுவே பின்னர்ப் பொல்லாப் பிள்ளையார் என வழங்கலாயிற்று. அவரைப் பூசிக்கும் ஆதிசைவ மரபில் தோன்றியவர் நம்பியாண்டார் நம்பி.

ஒரு நாள் தந்தையார் வெளியூர் செல்ல நேர்ந்தது. அன்றைய பூசையைச் சிறுவர் நம்பியிடம் ஒப்படைத்துச் சென்றார். நம்பி நீராட்டினார், மலர் சாத்தினார், திருவமுதை முன்னே வைத்தார், பிள்ளையார் உண்பார் என்று காத்து நின்றார். திருவமுது வைத்தபடியே இருந்தது. தாம் ஏதேனும் பிழை செய்தோமோ என்று நம்பி கலங்கினார். உண்ண வேண்டும் என்று அழுது இரந்தார். இறுதியில் தம் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினார். அது பொறாத பிள்ளையார் தடுத்தருளித் திருவமுதை உண்டார் என்பது வரலாறு.

இங்குச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தந்தையார் எத்தனை ஆண்டுகள் அதே சந்நிதியில் திருவமுது வைத்திருப்பார்! வைத்தார், திரையிட்டார், மணி ஒலித்தார், எடுத்துக்கொண்டு இல்லம் சென்றார். விதிப்படி செய்தார், அதில் குற்றம் இல்லை. ஆயினும் வைத்த உணவு வைத்தபடியே இருக்கின்றதே என்று அவர் ஒரு நாளேனும் வருந்தியதாக வரலாறு கூறவில்லை. சிறுவரோ வருந்தினார். தந்தையார்க்கு அது செய்து முடிக்க வேண்டிய பூசை. மகனார்க்கு, எதிரே ஒருவர் பசித்திருக்கின்றார். வேறுபாடு இவ்வளவே. இதனை விடப் பெரிய வேறுபாடும் இல்லை.

ஊர் திரும்பிய தந்தையார் நிவேதனம் எங்கே என்று வினவினார். பிள்ளையார் உண்டுவிட்டார் என்றார் மகனார். தந்தையார் நம்பவில்லை. மறுநாளும் மகனாரையே பூசைக்கு அனுப்பி, மறைந்திருந்து கண்ட பின்னரே தெளிந்தார்.

அடுத்துச் சீகாழிக்கு வருவோம். சிவபாத இருதயர் 3 வயதுக் குழந்தையைக் குளக்கரையில் இருத்திவிட்டு, நீருள் மூழ்கி மந்திரம் செபிக்கின்றார். தந்தையைக் காணாத குழந்தை திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அழுகின்றது. அவ்வழுகையில் செய்யுள் இல்லை, மந்திரம் இல்லை, வேண்டுகோள் என்று பிரித்துக் காட்டத்தக்க ஒன்றும் இல்லை. தாயையும் தந்தையையும் அழைக்கும் அழைப்பு ஒன்றே உண்டு. அம்மையப்பர் அதற்கு எழுந்தருளினர், ஞானப்பால் ஈந்தனர். இன்றும் சீகாழியில் சித்திரைப் பெருவிழாவில் திருமுலைப்பால் விழா நிகழ்கின்றது. தாய்மார்கள் தம் குழந்தைகளுக்குப் பால் கொணர்ந்து ஊட்டி மகிழ்கின்றனர். கரையேறிய தந்தையார் செய்தது யாது? கோல் ஒன்றை ஓங்கி, பால் கொடுத்தவர் யார் என்று அதட்டினார். குழந்தை விரல் நீட்டிக் காட்டிற்று, பாடிற்று.

இனித் திருச்சேய்ஞலூர். ஆனிரை மேய்த்த விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து, பசுக்கள் தாமே சொரிந்த பாலால் நீராட்டினார். கண்டவர்க்கு அது சிறுபிள்ளை விளையாட்டு. சிறுவர்க்கோ மெய்யான பூசை. தந்தை எச்சதத்தன் கோலால் முதுகில் அடித்தான். பாற்குடத்தைக் காலால் சிதறினான். அதன்பின் நிகழ்ந்தவை நீவிர் அறிந்தனவே. அச்சிறுவரே சண்டேசுர பதம் பெற்றார். சிவாலய வழிபாட்டை நிறைவு செய்ய நாம் சென்று நிற்கும் சந்நிதி அவருடையது. அங்கே கைதட்டி ஓசை எழுப்பியும், ஆடை நூலைப் பிய்த்துப் போட்டும் விரைந்து செல்கின்றோம். பூசையில் ஒன்றி, முதுகில் விழுந்த அடியையும் உணராதிருந்த சிறுவர் முன் நிற்கின்றோம் என்பதை நினைப்பார் எத்தனை பேர்?

மூன்று வரலாற்றிலும் பெரியவர் ஐயுறுகின்றார் அல்லது சினக்கின்றார். இத்தந்தையர் கல்லாதவர் அல்லர். மறை ஓதும் குடியில் வந்தவர். வழிபாட்டைப் பிள்ளைகள் கண்டு பழகியதும் அவ்வில்லங்களிலேதான். தாம் வளர்த்த நெறி பிள்ளையிடத்தில் பலித்தபோது, அதனை அவர்களால் நம்ப முடியவில்லை. இஃது அவர்கள் கதை மட்டுமன்று. திருமுழுக்கு நடைபெறும்போது, "சாமிக்குக் குளிராதா?" என்று நம் பேரன் கேட்டால், நாம் சிரிக்கின்றோம், அல்லது வாயைப் பொத்துகின்றோம். இறைவன் அங்கே இருக்கின்றான் என்று நாம் சொல்லிக் கொடுத்தோம். குழந்தை அதனை நம்பிக் கேட்கின்றது. நாமோ சொல்லிக் கொடுத்ததோடு நின்றுவிட்டோம்.

சிலர் ஐயுறலாம். "குழந்தையின் எளிமை போதுமாயின், கிரியையும் கல்வியும் எதற்கு?" என்பர். அவ்வாறன்று. சித்தாந்தம் கூறும் நெறி நான்கு. சரியை அடிமை நெறி, கிரியை மகன்மை நெறி, யோகம் தோழமை நெறி, ஞானம் நன்னெறி. இவற்றுள் பூசை எதில் அடங்கும்? கிரியையில். கிரியைக்கு நம் ஆசிரியர் இட்ட பெயர் மகன்மை நெறி. அதற்கு எடுத்துக்காட்டாக நின்றவர் திருஞானசம்பந்தர். ஆகவே பூசையும் குழந்தை உள்ளமும் ஒன்றோடொன்று மாறுபட்டன அல்ல. தந்தைக்கு மகன் செய்வதுபோலச் செய்வதே பூசை. கலசமும் மலரும் மணியும் அவ்வன்பு வந்து தங்கும் இடங்கள். அன்பு குடியேறாத வீடு வெறும் சுவரே.

கல்வியின் பெருமையையும் நம்பியே காட்டினார். பூசையில் காலம் கடந்தது. பள்ளி சென்றால் ஆசிரியர் அடிப்பார். ஆதலின் நீரே கற்பிக்க வேண்டும் என்று பிள்ளையாரிடமே வேண்டினார். பொன்னும் பொருளும் கேட்கவில்லை. அக்கல்வியின் பயனை நாம் இன்று நுகர்கின்றோம். சோழ மன்னன் வேண்ட, தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை வெளிப்படுத்தித் திருமுறைகள் 11 ஆக வகுத்தவர் அவரே என்பது மரபு. அவர் இயற்றிய திருத்தொண்டர் திருவந்தாதி பின்னர்ச் சேக்கிழார் பெருமானுக்குத் துணையாயிற்று. கற்க வேண்டும், கற்ற பின்னும் குழந்தையாய் நிற்க வேண்டும்.

அண்மையில் ஒரு திருக்கோயிலில் 4 அல்லது 5 வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டியாரின் கைபற்றி வந்தாள். சந்நிதியில் நின்று உரத்த குரலில், "சாமி, எங்க பாட்டிக்கு முட்டி வலிக்குது, நீ பாத்துக்கோ" என்றாள். உடனே கையை விடுவித்துக்கொண்டு நந்தியைப் பார்க்க ஓடிவிட்டாள். யாம் நெடுநேரம் அதனை எண்ணினோம். அக்குழந்தை தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. அதைச் செய்தால் இதைத் தருவேன் என்று பேரம் பேசவில்லை. சொன்ன பின் கவலையைத் திரும்பத் தூக்கிச் செல்லவும் இல்லை. நாமோ சுமையை இறைவன் திருமுன் இறக்குகின்றோம். புறப்படும்போது மறவாமல் எடுத்துத் தோளில் ஏற்றிக்கொள்கின்றோம்.

ஆதலின் அன்பர்களே, நாளைக் காலை முதல் இவற்றைச் செய்து பாருங்கள். பூசை தொடங்குமுன் சிறிது நேரம் வாளா நின்று, எதிரே இருப்பவன் கேட்கின்றான் என்பதை உள்ளத்தில் இருத்துங்கள். சொல்ல வேண்டியதை உங்கள் வீட்டு மொழியில் சொல்லுங்கள். அதற்கு இலக்கணம் வேண்டா. முதல் வேண்டுகோள் பிறர்க்காக இருக்கட்டும். ஓதத் தெரிந்த பதிகம் ஒன்றே ஆயினும், அதனை யார்க்கு ஓதுகின்றோம் என்பதை மறவாது ஓதுங்கள். பிள்ளைகளுக்கும் அப்பதிகத்தைக் கற்பியுங்கள். அவர்கள் கோயிலில் எதையேனும் கேட்டால் அதட்டாதீர்கள், குனிந்து கேளுங்கள். உங்கள் நெஞ்சம் உருகாத காரணம் அக்கேள்வியில் வெளிப்படக் கூடும்.

உண்ணுவார் என்று காத்து நின்ற பிள்ளைக்கு உண்டு காட்டிய பெருமான், கேட்பான் என்று நம்பி நிற்கும் நமக்கும் செவிசாய்த்து அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்